குழந்தைகளோடு பார்க்கலாம்

செப்டம்பர் 10, புதன் இரவு

அக்கா,

விளக்கைப் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். வெளிச்சத்துக்குப் பயமில்லை, அது அப்பாவுக்குத் தெரியாது. சத்தத்துக்குத்தான் பயம். பேனா கீச்சுக் கீச்சென்று கேட்கும் என்பதால் பென்சில். தாளுக்கு அடியில் துண்டை மடித்துப் போட்டிருக்கிறேன். அப்படியும் ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தி, அடுத்த அறையில் குறட்டை கேட்கிறதா என்று பார்த்துக்கொள்கிறேன்.

போனில் செய்தி அனுப்பக்கூடாதா என்று கேட்காதே. வீட்டில் இருக்கிற ஒரே போன் அப்பா சட்டைப்பையில் இருக்கிறது. வருவதையெல்லாம் அதுவே உரக்கப் படித்துவிடும். நீ பதில் போட்டால் தியேட்டர் முகவரிக்கு, டார்ச் மாமா பெயருக்குப் போடு. அவரிடம் கேட்டுவிட்டேன். "உங்க அக்காவா? தாராளமா போடச் சொல்லு. நான் டிக்கெட்டைத்தான் கிழிப்பேன், லெட்டரைக் கிழிக்க மாட்டேன்" என்றார். பள்ளிக்குப் போகிற வழியில் வாங்கிக்கொள்வேன்.

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. இந்த ஏழு மாதமும் வியாழக்கிழமை பிரஸ் ஷோவில் உன் சீட்டில் நான்தான் உட்காருகிறேன். அப்பா கையை என் தோளில் போட்டுக்கொண்டு, விளக்கு அணைவதற்கு முன்பே ஓரத்து சீட்டுக்குக் கூட்டிப்போய்விடுகிறேன். "விமர்சகருக்கு மகள் மேல என்ன பாசம் பாரு" என்கிறார்கள். அந்தக் கறுப்புக் கண்ணாடி கண் கூச்சத்துக்காக என்றுதான் இன்னமும் எல்லாரும் நம்புகிறார்கள். நீ சொல்லிக்கொடுத்த கைப்பாஷை எதுவும் மறக்கவில்லை. உள்ளங்கையில் ஒரு தட்டு என்றால் ஆண், இரண்டு தட்டு பெண், மூன்று தட்டு குழந்தை. கையை இறுக்கினால் சண்டை. நகத்தால் கீறினால் ரத்தம். வீட்டுக்கு வந்து அவர் சொல்லச் சொல்ல நான் டைப் அடிக்கிறேன். பள்ளியில் எனக்கு வியாழக்கிழமை தோறும் காய்ச்சல். "இந்தப் பொண்ணோட காய்ச்சலுக்குக் காலண்டர் பார்க்கத் தெரியும்போல" என்று கிளாஸ் டீச்சர் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வந்துதான் ஆகவேண்டும்.

போன வாரம் ஒரு படம். போஸ்டரில் ஒரு சின்னப் பெண், கையில் பலூன். முக்கால்வாசிப் படம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு அந்தப் பெண் தூங்குகிற அறைக்குள் ஓர் ஆள் வந்து கதவைச் சாத்துகிறான். ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருக்கிறான். கட்டிலில் உட்கார்ந்து மெதுவாகத் தாலாட்டுப் பாட ஆரம்பிக்கிறான். வேறு சத்தமே இல்லை. எனக்குத் தெரிந்துவிட்டது, அக்கா. கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன். அப்பா என் பக்கம் சாய்ந்து, "என்ன நடக்குது?" என்றார். "தூங்க வைக்கிறார்ப்பா" என்றேன். தாலாட்டு முடிகிறவரை கண்ணைத் திறக்கவே இல்லை. அவர் உள்ளங்கை என் கையில் சும்மா கிடந்தது.

வெள்ளிக்கிழமை பேப்பரில் அப்பாவின் 'எந்தப் படம் போகலாம்?' பத்தியில் வந்தது இது: "பயங்கரம் எதையும் திரைக்குள் விடாமல், ஒரு தாலாட்டிலேயே கதையை நகர்த்திய இயக்குநரின் நாகரிகத்துக்கு ஒரு கும்பிடு." கீழே தீர்ப்பு. உனக்குத்தான் தெரியுமே, அப்பாவிடம் மூன்றே தீர்ப்பு: குழந்தைகளோடு பார்க்கலாம், பெரியவர்கள் பார்க்கலாம், வீட்டிலேயே படுத்துத் தூங்கலாம். இந்தப் படத்துக்கு முதல் தீர்ப்பு. டைப் அடித்தவள் நான். 'குழந்தை' என்பதை ஒரு தடவை அழித்தேன். ஆனாலும் அடித்துவிட்டேன்.

அந்தக் காட்சியில் என்ன நடந்தது என்று எனக்கு இன்னமும் தெரியாது. யாரிடமாவது கேட்கவும் பயமாக இருக்கிறது.

வால்

*

செப்டம்பர் 14, ஞாயிறு

வாலு,

உன் கடிதம் வருவதற்கு முன்பே எனக்குத் தெரியும். இந்த பிஸ்கட் கம்பெனி விடுதியில் ஓர் அறைக்கு ஆறு பேர். வெள்ளிக்கிழமை பேப்பர் வந்ததும் ஒருத்தி அப்பாவின் பத்தியைச் சத்தமாகப் படிப்பாள், மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவர் யார் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. 'நாகரிகத்துக்கு ஒரு கும்பிடு' என்று அவள் படித்தபோதே நினைத்தேன், வால் கண்ணை மூடிவிட்டாள் என்று. எனக்குத் தெரிந்து எந்த இயக்குநருக்கும் அவ்வளவு நாகரிகம் கிடையாது.

போன ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் அந்தப் படத்துக்குப் போனார்கள். திரும்பி வந்து யாரும் சாப்பிடவில்லை. என்ன காட்சி என்று சொன்னார்கள். உனக்கு நான் சொல்லமாட்டேன்.

அப்பாவிடம் உண்மையைச் சொல்லிவிடு. நாள் ஆக ஆக வாய் வராது.

நீ என்னைத் திரும்பி வரச் சொல்லவில்லை. ஆனால் ஏழு மாதம் என்று எண்ணி எழுதியிருக்கிறாய். அதுவும் கூப்பிடுவதுதான். நான் அந்த சீட்டில் ஆறு வருஷம் உட்கார்ந்தேன். ஒருமுறை படம் முடிந்து வரும்போது, "அந்த அம்மா அழுதது பொய்ப்பா" என்று சொன்னேன். "நீ என்ன பார்த்தேன்னுதான் கேட்டேன். என்ன நினைச்சேன்னு கேக்கல" என்றார். அந்த வெள்ளிக்கிழமை பேப்பரில், 'அம்மாவாக நடித்தவரின் அழுகை பொய்' என்று வந்தது. கடைக்காரர்கூட, "சார் சரியா பிடிச்சிட்டார்" என்றார். பிறகு பொதுத்தேர்வில் கணக்குப் பரீட்சை ஒரு வியாழக்கிழமையில் விழுந்தது. "பரீட்சையை மறுபடி எழுதிக்கலாம், பிரஸ் ஷோ மறுபடி போடமாட்டான்" என்றார். நான் படத்துக்குத்தான் போனேன். அந்தப் படத்துக்கு என்ன தீர்ப்பு தெரியுமா? வீட்டிலேயே படுத்துத் தூங்கலாம்.

அதனால் வரமாட்டேன். உன் மேல் கோபமில்லை.

அக்கா

*

செப்டம்பர் 17, புதன் இரவு

அக்கா,

உண்மையைச் சொல்லலாம் என்று மூன்று தடவை அவர் அறை வாசல் வரை போனேன். மூன்று தடவையும், "யாரு, நீயா? டீ போடப் போறியா?" என்றார். மூன்று தடவையும் டீ போட்டேன்.

இப்போது சொல்ல முடியாத இடத்துக்கு வந்துவிட்டது.

என் பக்கத்து பெஞ்ச் தோழியின் தம்பிக்கு ஏழு வயது. அவர்கள் வீட்டில் அப்பாவின் பத்தியைப் படித்துவிட்டு அவனை அந்தப் படத்துக்குக் கூட்டிப்போயிருக்கிறார்கள். பத்து நாளாக அவன் தூங்குவதில்லை. வீட்டில் எந்தக் கதவையும் சாத்த விடமாட்டேன் என்கிறானாம், குளியலறைக் கதவைக்கூட. அவன் அம்மா பழக்கத்தில் ஒரு தாலாட்டை முனகப்போய், அவன் அவள் வாயைப் பொத்திவிட்டானாம். தோழி எல்லார் முன்னாலும் கேட்டாள். "படத்தைப் பார்த்துட்டுத்தான் எழுதினாரா? உங்க அப்பாவுக்கு என்ன, கண்ணு தெரியாதா?"

அது திட்டும்போது எல்லாரும் சொல்கிற வார்த்தைதான். எனக்கு அப்படிக் கேட்கவில்லை. வகுப்பை விட்டு வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்தேன்.

தியேட்டர் வாசலில் போஸ்டர் மேல் புதிதாக ஒரு பட்டை ஒட்டியிருக்கிறார்கள். 'குழந்தைகளோடு பார்க்கலாம்', கீழே அப்பா பெயர். நேற்று மாலைக் காட்சிக்கு வரிசையில் ஓர் அம்மா இரண்டு பிள்ளைகளோடு நின்றார். நான் கிட்டப் போய், "ஆன்ட்டி, இந்தப் படம் வேண்டாம், பசங்க பயந்துடுவாங்க" என்றேன். "நீ பாத்தியாம்மா?" என்று கேட்டார். என்ன பதில் சொல்வது? "இல்ல" என்றேன். அந்த அம்மா சிரித்துவிட்டார். "பார்க்காமயே சொல்றியா! பேப்பர்லயே போட்டிருக்காரு, பாரு." சின்னவன் என்னைப் பார்த்து நாக்கை நீட்டினான். உள்ளே போய்விட்டார்கள்.

பேப்பர் ஆபீசிலிருந்து வாசகர் கடிதங்கள் ஒரு கட்டு வந்தது. எல்லாம் கையெழுத்து. படித்துக் காட்டச் சொன்னார். முதல் கடிதத்தில், 'உங்களை நம்பிப் போனோம், வெட்கமாக இல்லையா?' என்று இருந்தது. நான், "உங்களை நம்பிப் போனோம், மிகவும் நன்றி" என்று படித்தேன். பதினாலு கடிதங்களையும் அப்படித்தான் மாற்றிப் படித்தேன். அப்பா நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "ஜனங்களுக்கு இன்னும் ரசனை செத்துப்போகல" என்றார்.

ஆனால் எடிட்டர் போன் பண்ணிவிட்டார். போன் ஸ்பீக்கரில் இருந்ததால் எல்லாமே கேட்டது. "சார், மத்த பேப்பர்ல எல்லாம் அந்தக் காட்சியைப் பத்திக் கிழி கிழின்னு கிழிச்சிருக்கான். நீங்க கும்பிடு போட்டிருக்கீங்க." அப்பா கத்தினார். "அப்படி ஒரு காட்சியே கிடையாதுய்யா! நான் பார்த்தேன்!" பிறகு எடிட்டர் சொன்னார்: "அடுத்த வாரம் இருபத்தஞ்சாம் தேதி நானும் வர்றேன். பக்கத்துலயே உட்கார்ந்து ஒண்ணா பார்ப்போம்."

அவர் பக்கத்தில் இருந்தால் காதில் சொல்ல முடியாது. முழுப் படத்தையும் கையிலேயே சொல்லவேண்டும். அது உனக்குத்தான் வரும். இன்னொன்று, இருபத்தைந்தாம் தேதி காலையில்தான் எனக்கு அறிவியல் செய்முறைத் தேர்வு. அதை எழுதாவிட்டால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு விடமாட்டார்கள். டீச்சர் தனியாகக் கூப்பிட்டு, "அன்னைக்கு மட்டும் காய்ச்சல் வந்துது, நான் ஒண்ணும் பண்ண முடியாதும்மா" என்றார்.

ஒரே ஒரு வியாழக்கிழமை, அக்கா. இந்தத் தடவை நேராகவே கூப்பிடுகிறேன்.

வால்

*

செப்டம்பர் 20, சனி

வாலு,

சூப்பர்வைசரிடம் லீவு கேட்டேன். "பேக்கிங் நேரத்துல யாருக்கும் லீவு கிடையாது" என்றார். அதுதான் காரணம் என்று எழுதிவிடலாம். எழுத மனசு வரவில்லை. அவர் உடனே சரி என்று சொல்லியிருந்தாலும் எனக்குக் கால் எழுந்திருக்காது.

நான் ஒரு வியாழக்கிழமைக்கு வந்தால் அது ஒரு வியாழக்கிழமையோடு நிற்காது. நீயும் முதலில், 'அக்கா வருகிற வரைக்கும்' என்றுதானே உட்கார்ந்தாய்?

நீ பரீட்சைக்குப் போ. அவர் பிடிபடட்டும். பிடிபட்டால் செத்துவிடமாட்டார்.

அக்கா

*

செப்டம்பர் 22, திங்கள் இரவு

அக்கா,

செத்துவிடமாட்டார் என்று உனக்கு எப்படித் தெரியும்? நேற்று முழுக்க அவர் சட்டைக்குத் தானே இஸ்திரி போட்டார். விரலைச் சுட்டுக்கொண்டார். "எடிட்டர் வர்றான்ல, சும்மா போனா நல்லாயிருக்காது" என்றார். அவர் பிடிபட்டால் அது என்னால்தான். பொய் சொன்னவள் நான்.

மாமா இதை நாளைக் காலையே பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன் என்றார். காட்சி பத்து மணிக்கு. பரீட்சையும் பத்து மணிக்கு. ஒன்பதரை வரை வாசலில் பார்ப்பேன். ஒன்பதே முக்கால் வரை.

வால்

*

செப்டம்பர் 25, வியாழன்

வாலு,

நான் வந்தேன்.

லீவு சொல்லாமலே விடிகாலை பஸ்ஸைப் பிடித்தேன். ஒன்பது மணிக்கெல்லாம் தியேட்டருக்கு எதிரே, பூட்டியிருந்த தையல் கடைப் படியில் நின்றேன். நீங்கள் இரண்டு பேரும் நடந்து வந்தீர்கள். நீ பள்ளிச் சீருடையில் இருந்தாய், தோளில் பையும் இருந்தது. ஏன் என்று எனக்குப் புரிந்தது. நான் கை மாற்றிக்கொண்டதும் ஓடலாம் என்று வந்திருக்கிறாய்.

நடுவில் ஒரு ரோடுதான். பெரிய ரோடுகூட இல்லை.

எடிட்டர் வந்து கை குலுக்கினார். அப்பா எதற்கோ சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் என் இடது தோள் தானாகக் கீழே இறங்கியது. அவர் கை வந்து விழப்போகிறது என்று அதுவே இடம் விட்டதுபோல. நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். நீ வலது பக்கம் பார்த்தாய், இடது பக்கம் பார்த்தாய், வாட்சைப் பார்த்தாய். ஒன்பதே முக்கால் தாண்டியும் நின்றாய். பிறகு உள்ளே போய்விட்டாய்.

அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். வேலை இருக்கிறது, சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். உன்னிடம் மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. நான் வரவில்லை என்று நீ நினைத்துக்கொண்டிருப்பதைவிட, வந்தும் என்ன செய்தேன் என்று உனக்குத் தெரிவது சரி என்று பட்டது.

அக்கா

*

செப்டம்பர் 28, ஞாயிறு இரவு

அக்கா,

நீ எதிரே நின்றதை நான் பார்க்கவில்லை. அன்றைக்கு எனக்குப் பார்க்க வேறு நிறைய இருந்தது.

போர்ப் படம். இரண்டரை மணி நேரம். எடிட்டர் அப்பாவின் இடது பக்கம், நான் வலது பக்கம். ஒரு தடவைகூடக் கண்ணை மூடவில்லை. ஒரு பையனைச் சுவரோடு நிறுத்தி வைத்தபோது மூடத் தோன்றியது. உதட்டைக் கடித்துக்கொண்டு பார்த்தேன். எல்லாவற்றையும் கையில் சொன்னேன். இல்லாத தட்டுகளையெல்லாம் நானே உண்டாக்கினேன், அப்பா அவற்றையும் புரிந்துகொண்டார். சில இடங்களில் எடிட்டருக்கு முன்னாலேயே, "த்சு" என்றார்.

படம் முடிந்து டீக்கடையில் அப்பா பேசினார் பார், ஒவ்வொரு காட்சியையும் பிரித்து வைத்தார். எடிட்டர் டீயை ஆற விட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். "கழுகுக் கண்ணு சார் உங்களுக்கு. அன்னைக்கு அந்தத் தாலாட்டுல கொஞ்சம் அசந்துட்டீங்க, அவ்வளவுதான்" என்றார். அப்பா, "வயசாகுதுய்யா" என்று சிரித்தார். எனக்கு ஒரு கிரீம் பன் வாங்கிக் கொடுத்தார். அப்போது மணி ஒன்றரை. பள்ளியில் செய்முறைத் தேர்வு முடிந்து எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருப்பார்கள்.

வீட்டுக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். உள்ளங்கையை விரித்து இன்னொரு கையால் தடவிப் பார்த்தார். பல இடங்களில் தோல் உரிந்திருந்தது.

"இன்னைக்கு இத்தனை கீறியிருக்க. தாலாட்டுப் படத்துல ஒண்ணுகூட இல்ல. அன்னைக்குக் கண்ணை மூடிக்கிட்டியா?"

"ஆமாம்ப்பா."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். பக்கத்தில் கூப்பிட்டுத் தலையைத் தடவினார். "பயந்துட்டியா? உங்க அக்காவும் முதல்ல பயந்தவதான். பழகிடும்" என்றார்.

கடிதங்களை மாற்றிப் படித்ததையும் சொன்னேன். தோழியின் தம்பியைப் பற்றிச் சொன்னேன். "அந்தப் படம் பசங்களுக்கு இல்லைன்னு பத்தியில ஒரு வரி போட்டுடலாம்ப்பா, இன்னமும் கூட்டிட்டுப் போறாங்க" என்று அழுதேன். கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"போட்டா, முதல்ல ஏன் போடலைன்னு கேப்பான். அதுக்கு என்ன சொல்லுவ?"

படம் இன்னும் ஓடுகிறது.

மறுநாள் எடிட்டர் போன் பண்ணினார். வாரத்துக்கு ஒன்று போதாதாம், இனிமேல் தினமும் ஒரு படம் எழுதவேண்டுமாம். எந்தத் தியேட்டரில் எது ஓடினாலும் சரி. அப்பா, மாலை போட்ட அம்மா போட்டோ இருப்பதாக நினைத்து ஒரு சுவர்ப்பக்கம் திரும்பி, "கேட்டியா?" என்றார். போட்டோ இருந்தது அதற்கு எதிர்ச் சுவரில். நான் திருத்தவில்லை.

தினமும் என்றால் எல்லாக் கிழமையும், அக்கா.

வால்

*

அக்டோபர் 2, வியாழன்

வாலு,

வேலையை விட்டுவிட்டேன். பெட்டியும் கட்டிவிட்டேன்.

இனி யோசித்தால் மறுபடியும் அந்தப் படியிலேயே நின்றுவிடுவேன், அதனால் யோசிக்காமல் எழுதுகிறேன். அப்பாவிடம் சொல்: நான் வருகிறேன், தினமும் நானே வருகிறேன். நினைப்பதைச் சொல்லமாட்டேன், பார்ப்பதை மட்டும் சொல்வேன். பதிலுக்கு நீ பள்ளிக்குப் போகவேண்டும். வேறு எதுவும் கேட்கமாட்டேன். விடுபட்ட செய்முறைத் தேர்வை மறுபடி வைக்கச் சொல்லி டீச்சர் காலில் விழு. நானும் வந்து விழுகிறேன்.

அவர் சரி என்றதும் ஒரு வரி போடு.

அக்கா

*

அக்டோபர் 7, செவ்வாய் இரவு

அக்கா,

பெட்டியைப் பிரித்து வை. சூப்பர்வைசரிடம் கேட்டுப் பார், இன்னும் ஆள் எடுத்திருக்க மாட்டார்கள்.

உன் கடிதத்தை அப்பாவுக்கு முழுதாகப் படித்துக் காட்டினேன். ஒரு வார்த்தையும் மாற்றவில்லை. முழுக்கக் கேட்டுவிட்டு, "நல்லா இருக்காளா?" என்றார். "தெரியலப்பா" என்றேன். பிறகு, "அவ வேண்டாம்" என்றார்.

"ஏம்ப்பா?"

"அவ கை பேசும்போது நடுவுல அவளும் பேசுவா. உன் கை அப்படி இல்ல. அன்னைக்கு ஏழு வருஷத்துக்கு அப்புறம் நான் ஒரு படம் பார்த்தேன்." அதைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்துவிட்டது. அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. எனக்குக் கோபப்படக்கூடத் தெரியவில்லை.

டீச்சர் நல்லவர். நான் காலில் விழாமலே, மறுதேர்வுக்குத் தலைமையாசிரியையிடம் அனுமதி வாங்கிவிட்டார். பதினாறாம் தேதி. "வீட்டுல கையெழுத்து மட்டும் வாங்கிட்டு வா" என்று ஒரு தாள் கொடுத்தார். அதே நாள் அப்பா பள்ளி ஆபீசுக்குப் போன் பண்ணி, கண் கூச்சம் அதிகமாகிவிட்டது, துணைக்கு ஆள் வேண்டும், மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்திக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். அதற்கும் ஒரு விண்ணப்பத் தாளை ஆபீசிலிருந்து என் கையிலேயே கொடுத்தனுப்பினார்கள்.

இன்று சாயங்காலம் மேஜையில் இரண்டு தாளும் இருந்தன. இரண்டும் ஒரே அளவு, ஒரே மாதிரி வழவழப்பு. கீழே வலது ஓரத்தில் 'பெற்றோர் கையொப்பம்'. அப்பா பேனா மூடியைத் திறந்துகொண்டு, "ஆபீஸ்ல குடுத்த தாளை வை. எங்க போடணும்னு விரலைப் பிடிச்சுக் காட்டு" என்றார்.

மறுதேர்வுத் தாளை வைத்திருந்தால் அவருக்குத் தெரிந்திருக்காது. பதினாறாம் தேதி வரைக்குமாவது தெரிந்திருக்காது. நீயாக இருந்தால் அதைத்தான் வைத்திருப்பாய். நான் இரண்டு தாளையும் பார்த்துக்கொண்டு நின்றேன். "என்னம்மா?" என்றார். "ஒண்ணுமில்லப்பா" என்றேன்.

அவர் கேட்ட தாளைத்தான் வைத்தேன், அக்கா. அவர் விரலைப் பிடித்துச் சரியான இடத்தில்தான் வைத்தேன். கையெழுத்து கோட்டுக்கு மேலே, கொஞ்சமும் கோணாமல் விழுந்தது.

வால்